கொடி பிடித்தவர்

எங்கள் தாழக்குடிக்கு ரயில் கிடையாது. அப்போது நாஞ்சில் நாட்டுக்கே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஆறுமுகப்பெருமாள் சித்தப்பாவுக்கு ரயிலில்தான் வேலை. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவைத் தாண்டிய மலைப்பாதையில் கீமேன். தோளில் சுத்தியல், கக்கத்தில் சிவப்புக் கொடி. தினமும் விடிந்ததும் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நாலு மைல் நடக்கவேண்டும். வண்டியில் போகிறவர்கள் மலையைப் பார், அருவியைப் பார் என்று ஜன்னலில் தொங்குவார்கள். மழைக்கு மழை சரிகிற மலையில் அந்தப் பாதை பிழைத்துக் கிடந்தது இவரைப்போல நாலைந்து பேர் நடந்ததால்தான். அவர்களை யார் பார்த்தார்கள்?

அழகியநாயகி சித்தி ஊரில் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. அவள் அப்பா படுத்த படுக்கை. சித்தப்பா தைக்கும் அம்மன் கொடைக்கும் மட்டும் வருவார். வந்த இடத்திலும் கால் சும்மா இராது. விடிந்ததும் வாய்க்கால் கரையில் தலையைக் குனிந்தபடி நாலு மைல் நடப்பார்.

1949-இல் சித்தியின் அப்பா இறந்தார். வருஷத் திதி முடியட்டும் என்றுகூடக் காத்திருக்காமல், ஐப்பசியில் நல்ல நாள் பார்த்து, சித்தி மலைக்குக் குடிபோகப் புறப்பட்டாள். மடியில் குத்துவிளக்கு. துணைக்கு என் அப்பா. திருநெல்வேலிவரை பஸ், பிறகு ரயில். அவள் ரயிலைப் பார்ப்பதே அன்றுதான்.

ஆரியங்காவு தாண்டி ஒரு வளைவில் வண்டி நின்றது. பாதையில் பாறை விழுந்திருந்தது. முன்னால், கொட்டும் மழையில், சிவப்புக் கொடியோடு சித்தப்பா நின்றார். ஐம்பது அடிகூட இராது. சித்தி ஜன்னலில் தலையை நீட்டி, “நான் வந்துட்டேன்” என்று கத்தினாள். அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி பின்னாலேயே ஆரியங்காவுக்குத் திரும்பியது. பாதையைச் சரிசெய்ய நாலு நாள் ஆகும் என்றார்கள்.

“ஊருக்குப் போவோம் அத்தான்” என்று மட்டும் என் அப்பாவிடம் சொன்னாளாம்.

நல்ல காரியத்தில் தடங்கல் வந்துவிட்டது, அதனால் திரும்பிவிட்டாள் என்று சித்தப்பா நினைத்துக்கொண்டார். வேறொரு நல்ல நாள் குறித்து அவளே சொல்லட்டும் என்று இருந்தார். கட்டின பெண்டாட்டியைப் பார்த்தும் நாலு எட்டு வராத மனுஷன், வேண்டுமென்றால் கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். ஏழு வருஷம். தைக்கு வருவார், சாப்பிடுவார், போவார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இப்போதும் இருவர் மேலும் கோபம்தான்.

எங்கள் தாலுகாக்கள் மதராஸோடு சேர்ந்த 1956 ஐப்பசியில் அவருக்கு வயதாகி வேலை முடிந்தது. பாதையோரத்து ரயில்வே வீட்டைக் காலி செய்து சாமான்களை எடுத்துவர சித்தியும் என் அப்பாவும் போனார்கள். பாத்திரம், பாய், ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். வீட்டு வாசலில் பாதை வேலை நடந்தது. ஒருவன் சிவப்புக் கொடியோடு காலையிலிருந்து நின்றான். அவனுடைய தூக்குவாளி பத்தடி தள்ளிக் கல்மேல் இருந்தது.

“மத்தியானம் ஆச்சே, அவன் ஏன் சாப்பிட வரல்ல?” என்றாள் சித்தி.

“மாத்தாளு வந்து கொடிய வாங்காம அவன் அசையப்பிடாது. வீட்டுல சாவே விழுந்தாலும் நிக்கணும்” என்றார் சித்தப்பா.

சித்தி அவரையே பார்த்தாள். பிறகு ஜல்லிக் குவியலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அன்னைக்கும் அதுக்குத்தான் நின்னியளா?”

“பொறவு வேற எதுக்கு?”

“இத ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?”

“இது எல்லாருக்கும் தெரிஞ்சதுல்லா” என்றார் அவர். சொன்ன பிறகுதான் அவருக்கு முகம் மாறியது. தாழக்குடியில் அது யாருக்குத் தெரியும்?

அன்று கிளம்பவேண்டியவர்கள் கிளம்பவில்லை. சித்தி வீட்டைப் பெருக்கி மெழுகினாள். குத்துவிளக்கு ஊரில் இருந்தது; அவருடைய கைவிளக்கின் கண்ணாடியைத் துடைத்து ஏற்றி, கிழக்கே பார்த்து வைத்தாள். அடுப்பில் பால் பொங்கியது. மறுநாள் காலை புது கீமேன் பெண்டாட்டியோடு வந்து சாவிக்காக வாசலில் நின்றான்.