பேரருவி டியூட்டியும் கரடி வேஷமும்

முத்துச்செல்வி கடையத்துக்காரி. வயது இருபத்து நான்கு. அப்பா ராணுவத்தில் இருந்தவர், அண்ணன்கள் இருவரும் போலீஸ். அவளும் அதே பரீட்சை எழுதித் தென்காசியில் காவலராகச் சேர்ந்தாள். அவளாகத் தேடிப் போனது ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் இளைஞர் நாடகக் குழு.

அந்த ஆனி மாதம் மேடையேற்றுவதற்காகக் குழுவினர், பிள்ளைகளோடு குடும்பமாக வந்து பார்க்கிற மாதிரி ‘கரடி வீட்டு விருந்து’ என்று ஒரு பாட்டு நாடகம் தயார் செய்தார்கள். முயலுக்கும் மயிலுக்கும் மந்திக்கும் கலர் கலராக உடை தைத்தாயிற்று. சண்டைக்காரக் கரடியம்மா வேஷம் முத்துச்செல்விக்கு. அடித்தொண்டையில் அவளைப் போலப் பாட வேறு ஆளில்லை. நான்கு மாதம் ஒத்திகை பார்த்தாள். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஸ்ரீவித்யாவும் பக்கத்தில் நின்று ஆட்டத்தைப் பழகிக்கொண்டாள். ஸ்டேஷனில் மட்டும் மூச்சுவிடவில்லை. கரடி என்று பேர் விழுந்தால் அப்புறம் போகாது என்று பயம்.

நாடகம் ஞாயிறு மாலை ஐந்தரைக்கு, மேலகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். அன்று அவளுக்கு லீவு. ஆனால் மலையில் மழை பிடித்துக்கொள்ள, லீவு ரத்தாகிப் பேரருவியில் டியூட்டி போட்டுவிட்டார்கள். மூன்று மணிக்குத் தண்ணீர் செம்மண் நிறமாகி, அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. குளிக்கத் தடை. விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தபோது, நாடகத்தை நடத்தும் குமரகுரு போனில் கூப்பிட்டான்.

“எங்கன இருக்க? மூணு மணிக்கு மேக்கப்புன்னு சொன்னேம்லா?”

“அருவியில. இப்ப விட மாட்டாங்க. ஸ்ரீவித்யாவ வேஷம் கட்டச் சொல்லு. அவளுக்கு ஆட்டமெல்லாம் தெரியும்.”

“பாட்டு?”

அவள் போனை வைத்துவிட்டு மறுபடி விசிலை எடுத்தாள்.

தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டிருந்தாள். சாத்தூரிலிருந்து வந்த குடும்பம். தலையில் எண்ணெய் வழிய, குளிக்காமல் வரமாட்டேன் என்று அடம். தாய் இழுத்தும் கம்பியை விடவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. முத்துச்செல்வி பக்கத்தில் குந்தி, கரடியம்மா கோபப்படும் பாட்டை உறுமிக்கொண்டே பாடினாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தாள். கை தானாகக் கம்பியை விட்டது. இன்னும் நாலைந்து பிள்ளைகள் சேர, பாடிக்கொண்டே அவர்களை ரோடு வரை கூட்டிப்போனாள். என்ன பாட்டு என்று கேட்ட பெற்றோரிடம் நாடகத்தைப் பற்றியும் மண்டபத்துக்கு வழியையும் சொன்னாள்.

திரும்பினால் எஸ்.ஐ. ஹைருன் பீவி நின்றிருந்தார். வேறு வழியின்றி எல்லாவற்றையும் சொன்னாள்.

“லீவு கேக்கும்போது ஏன் சொல்லல?”

“சிரிப்பீங்கன்னு நெனச்சேம்மா.”

ஹைருன் பீவி சிரிக்கவில்லை. அருவியை ஒருமுறை பார்த்தார். “கூட்டம் கலையட்டும். அஞ்சே முக்காலுக்குப் போ. ஏழரைக்கு இங்கன நிக்கணும்.”

அவள் ஆட்டோவில் போய் இறங்கும்போது மணி ஆறு தாண்டிவிட்டது. நூறு பேர் வந்தாலே பெரிது என்றிருந்த மண்டபத்தில் உட்கார நாற்காலி இல்லை. அருவியில் குளிக்க முடியாதவர்கள் தோளில் துண்டோடு சுவரோரம் நின்றார்கள். மேடையில் கரடி உடைக்குள் ஸ்ரீவித்யா. கீபோர்டு ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அவளுக்குக் குரல் எழும்பவில்லை.

“திரையப் போடுதேன். நீ டிரெஸ்ஸ மாத்து,” என்றான் குமரகுரு.

முத்துச்செல்வி மேடையைப் பார்த்தாள். ஸ்ரீவித்யாவுக்குப் பாட்டுத்தான் வரவில்லை. ஆனாலும் கால் ஓர் அடிகூடத் தப்பவில்லை. இப்போது இறக்கிவிட்டால் அந்தப் பெண் மறுபடி மேடை ஏறமாட்டாள் என்று தோன்றியது.

“வேண்டாம். அவளே ஆடட்டும். மைக்கத் தா.”

காக்கி உடுப்போடு மேடை ஓரத்தில் வந்து நின்று பாடினாள். கரடி ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குதித்து ஆடத் தொடங்கியது. “அம்மா, போலீஸ் அக்கா,” என்று சாத்தூர்க் குழந்தை கத்த, மண்டபமே சிரித்தது. முத்துச்செல்விக்கு முகம் சூடாகி, ஒரு வரி தேய்ந்துபோயிற்று. அடுத்த வரியில் குரல் திரும்பிவிட்டது. முடிவுவரை இருக்க முடியாமல், கடைசிப் பாட்டுக்கு முன்பே கிளம்பினாள்.

மறுநாள், மண்டபத்தில் யாரோ எடுத்த வீடியோ ஸ்டேஷனில் எல்லோர் போனிலும் இருந்தது. பயந்தபடியே கரடி என்று பேரும் வந்தது. இரண்டு நாள் சுருக்கென்றிருந்தது. மூன்றாம் நாள், அப்படிக் கூப்பிட்ட ஏட்டையாவைப் பார்த்து உறுமிக் காட்டினாள்.

செங்கோட்டையில் அடுத்த மாதம் இரண்டு காட்சி கேட்டார்கள்.

“நீ பாடு, நான் ஆடுதேன். அதுதான நல்லாருந்துச்சு?” என்றாள் ஸ்ரீவித்யா.

முத்துச்செல்விக்கு வலித்தது. ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு மெதுவாகவே சொன்னாள். “ஒரு ஆட்டம் ஒனக்கு, ஒரு ஆட்டம் எனக்கு. நாலு மாசம் படிச்சிருக்கேம்ட்டி.”

அப்படியே நடந்தது. முதல் காட்சியில் கரடித் தலையை அவள் மாட்டிக்கொண்டாள். உள்ளே மூச்சு முட்டியது, வியர்வை கண்ணில் இறங்கியது. ஆனாலும் காட்சி முடிந்து கழற்றச் சொன்னபோது அவளுக்கு மனசு வரவில்லை.