கோட்டைத் தாண்டாத பந்து

நான் பள்ளிக்கூடம் போனவனல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதுதான் அப்போது என் வேலை. ஐம்பதுகளில் ஒரு வருடம் அந்தக் கல்லூரியின் உதைபந்தாட்ட அணி எல்லா ஆட்டமும் வென்று, இறுதி ஆட்டத்தில் மட்டும் தோற்றது. கப்டன் கடைசியாக அடித்த பந்தை நடுவர் கோல் இல்லை என்றுவிட்டார்.

அந்தக் கப்டனை, அவருக்கு எழுபது வயதுக்கு மேலானபோது, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தேநீர்க் கடையில் மறுபடி கண்டேன். அங்கே வடை நல்லது, தேநீர் சுமார். அவர் புறநகரான எபினேயிலிருந்து ரயிலேறி வருவார், என்னோடு சண்டை பிடிக்கத்தான்.

“பந்து கோட்டைத் தாண்டேல்லை அண்ணை. கோடு கீறினவன் நான்.”

“மழை அழிச்ச கோடு! அதுவும் உம்மடை பிரெஞ்சும் ஒண்டு. ஒருத்தருக்கும் விளங்காது.”

பிறகு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிப் பிழைக்கமாட்டார் என்பதை மகள் அவரிடம் மறைத்து, என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அன்றும் அவர் அந்தப் பந்தைப் பற்றித்தான் தொடங்கினார். அவருக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டுமே என்று, “ஓம் அண்ணை, அது கோல்தான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்: “டொக்டர் உமக்கு என்ன சொன்னவர்?”

அன்றைக்கும் நான் சண்டை பிடித்திருக்க வேண்டும்.