எலுமிச்சைச் செடியில் நான் குத்திய அட்டை

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். கச்சிராயபாளையத்துப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரும்பு இருக்கிறது. நான் போய்ப் பட்டாம்பூச்சிக் குழுவில் சேர்ந்ததற்கு என் மகள்தான் காரணம். அவள் ஏழாம் வகுப்பு. ஒரு கல்லூரி டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலைச் சாலையில் நடப்பார். கண்ணில் படும் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார்கள். மகளைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் போனேன். இரண்டாம் வாரமே என் கையிலும் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டார்.

அந்த நோட்டிலேயே எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த அந்துப்பூச்சி ஒன்றுதான். கரும்பின் கணுவைத் துளைத்து உள்ளே போகும் புழு இருக்கிறதே, அதன் தாய். வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதை ஒழிக்கத்தான் நான் பாடுபடுகிறேன்.

"இத்த எழுதலாங்களா டீச்சர்?"

"பாத்தீங்களா அண்ணா?"

"எங்க கரும்புக் கொல்லையிலதான் கெடக்குதுங்க."

"அப்போ எழுதுங்க."

எழுதினேன். காப்பாற்ற எழுதுகிறேனா, காட்டிக்கொடுக்க எழுதுகிறேனா என்று தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, எங்கள் வீட்டில் தண்ணீர் வசதி இருக்கிறதென்று, குழு ஐந்து எலுமிச்சைக் கன்றுகளைத் தொட்டியோடு கொண்டுவந்து வைத்தது. பட்டாம்பூச்சி அதில் முட்டை வைக்கும், புழு வரும். மலைமேல் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அடுத்த வாரச் சனிக்கிழமை வந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்வது என் மகளின் வேலை. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரமே புதன்கிழமை காலையில், கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டாம்பூச்சி வந்து முட்டை வைத்துவிட்டுப் போனது. கடுகைவிடச் சின்னதாக, வெளிர்மஞ்சளாகப் பதினொரு முட்டை. மகள் அன்றைக்குச் சாப்பிடவே வரவில்லை.

அதே புதன்கிழமைதான் நான் கரும்புக்கு ஒட்டுண்ணி அட்டை குத்திக்கொண்டிருந்தேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை குத்துவோம். தபால் அட்டை மாதிரி ஒரு தாள், அதில் மிளகாய்ப்பொடியைவிட நைசாகக் கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, கரும்புத் தோகையின் அடியில் ஸ்டேப்ளரால் குத்திவிட வேண்டும். அதிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவிகள் வரும். அட்டை கொடுத்தவர், "இது நல்லது செய்யற பூச்சிங்க, ஒரு கெடுதலும் பண்ணாது" என்று சொல்லியிருந்தார். எப்படி நல்லது செய்யும் என்று நான் கேட்கவில்லை.

சாயந்திரம் இரண்டு துண்டு மிச்சமிருந்தது. மகளின் முட்டைகளை எறும்போ வண்டோ தின்றுவிடப் போகிறதே என்று எனக்குக் கவலை. நல்லது செய்யும் பூச்சி காவலுக்கு இருக்கட்டும் என்று, இரண்டு துண்டையும் எலுமிச்சை இலைக்கு அடியில் குத்தினேன். செய்துவிட்டு எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கத்திய கத்தலில் ஓடினேன். மூன்று முட்டைதான் பொரிந்து, காக்கை எச்சம் மாதிரி சின்னப் புழுக்கள் இருந்தன. மிச்சம் எட்டும் கறுத்துப் போயிருந்தன.

"யம்மா! நீ இன்னா ஊத்துன?"

"அரிசி கழுவன தண்ணிதான்டி. செடிக்கு நல்லதுன்னு ஊத்துனேன்."

"உன்ன யாரு ஊத்தச் சொன்னது? எல்லாம் செத்துப் போச்சு!"

"அரிசித் தண்ணில சாவறதா இருந்தா இந்த வூட்ல மாடு கூட இருக்காதுடி!"

மகள் அழுதாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன். அந்தக் கறுப்பு எனக்குப் பழக்கமான கறுப்பு. அட்டையில் இருக்குமே, அதே கறுப்பு. ஒருவேளை பொரிகிற முட்டையும் கறுக்குமோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் வந்தார். லென்சை வைத்துப் பார்த்தவர், இலையைத் திருப்பி அடியில் இருந்த அட்டைத் துண்டைக் காட்டினார்.

"இது இன்னாங்க அண்ணா?"

என் மனைவிமேல் பழி நிற்கும்போது இனியும் சும்மா இருக்க முடியவில்லை. "நான்தாங்க குத்துனேன். அம்மா மேல தப்பில்ல பாப்பா" என்றேன்.

டீச்சர் திட்டவில்லை. அந்தக் குளவி அடுத்த பூச்சியின் முட்டைக்குள்ளேதான் தன் முட்டையை வைக்கும், அது வளர வளர அந்த முட்டை கறுத்துவிடும் என்று விளக்கினார். கரும்பு அந்துப்பூச்சியின் முட்டை, பட்டாம்பூச்சியின் முட்டை என்று அது பேதம் பார்க்காதாம்.

"அப்போ அது நல்ல பூச்சியா, கெட்ட பூச்சியாங்க?"

"யாருக்குன்னு கேக்கறீங்க?" என்றார்.

மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு கொசுவலைத் துண்டைக் கொண்டுவந்து தொட்டிகளைச் சுற்றிக் கட்டினாள். டீச்சரிடம் போனில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கொசுவலை ஓட்டைக்குள் அந்தக் குளவி சுலபமாக நுழைந்துவிடுமாம், பட்டாம்பூச்சிதான் நுழைய முடியாதாம். அவிழ்த்துவிட்டோம்.

சனிக்கிழமை மலைப் பிள்ளைகள் வந்தார்கள். மகள் மூன்று புழுவைக் காட்டினாள். மனப்பாடம் செய்ததில் பாதி மறந்துவிட்டாள். கறுத்த முட்டை ஒன்றை லென்சில் பார்த்த ஒரு பெண், "அக்கா, இதுல ஓட்ட போட்டுக்கினு இன்னாமோ வருது!" என்றாள். எல்லோரும் அங்கே முண்டியடித்தார்கள். என் மகளும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாள்:

"யப்பா, இதுங்களையும் நாம காப்பாத்தணுமா, வேணாமா?"

"தெரியலடி" என்றேன். அது பொய்யில்லை.

அடுத்து அட்டை குத்தும் நாள் வந்தது. தொட்டிகளை வீட்டின் அந்தப் பக்கம், கரும்புக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்திருந்தோம். டீச்சர் அது ரொம்ப தூரம் பறக்காது என்றார், காற்றடித்தால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மகளும் என்னோடு கொல்லைக்கு வந்தாள். அவள் தோகையைப் பிடித்துக்கொள்ள, நான் குத்தினேன். கடைசித் துண்டு முடிந்ததும் எண்ணிப் பார்த்தாள். மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று என் சட்டைப் பையிலும் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு விரலை ஆட்டி மிரட்டினாள்:

"கரும்ப வுட்டு அந்தாண்ட போவக் கூடாது, இன்னா?"

குளவியிடம் சொன்னாளா, என்னிடம் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. "சரிங்க" என்று நான்தான் சொன்னேன்.