லேபிள் அறைக்கு அனுப்பியவர்

பிஸ்கட் ஆலையில் தொழிலாளர் விவகாரம் பார்த்த மேனேஜருக்கு எல்லோரும் வைத்த பெயர் சமாதானம். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். தன் காலத்தில் போலீஸ் ஜீப் கேட்டைத் தாண்டியதில்லை என்று, மற்றவர்கள் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு திரிவார்.

பேக்கிங் பிரிவில் ஒரு ஃபோர்மேன் இருந்தான். அட்டைப்பெட்டி எடுத்துவர ஒருத்தியை ஸ்டோருக்கு அனுப்புவான். பின்னாலேயே போய்க் கதவைச் சாத்துவான். ஆண்களுக்கு அது சிரிக்கிற சங்கதி. பெண்கள் புதிதாக வருகிறவளிடம், "தனியாப் போகாதே" என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். ஸ்டோர் கதவைக் கழற்றிப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருத்தி சமாதானத்திடம் வந்தாள். கிழிந்த சட்டைக் கையை ஊக்கு குத்தி மூடியிருந்தாள்.

"உக்காரும்மா. டீ குடிக்கிறியா?"

"வேணாம் சார். அந்தாளு என்னை..."

"புரியுது, புரியுது. எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லணுமா? உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை இல்ல?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சார்?"

"அவருக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும். உன்னை நல்ல இடமாப் பாத்துப் போடுறேன். அப்பா மாதிரி சொல்றேன், கேளு."

இந்த அப்பா பார்த்துக் கொடுத்த நல்ல இடம் லேபிள் அறை. ஆலையின் பின்பக்கம், ஜன்னல் கிடையாது, பசை நாற்றம், கூலியும் குறைவு. ஃபோர்மேன் இருந்த இடத்திலேயே இருந்தான். மறுவருஷம் சிறந்த மேற்பார்வையாளர் என்று அவனுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

அடுத்து ஒருத்தி வந்தாள், அப்புறம் இன்னொருத்தி. எல்லோருக்கும் அதே டீ, அதே அப்பா, அதே அறை. யாரையெல்லாம் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைக்கிறோம் என்பது மட்டும் அந்த மேதைக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில், புதிதாக வந்தவள் டப்பாவைத் திறக்காமல் அழுதுகொண்டிருந்தாள். அறையில் மூத்தவளை எல்லோரும் அக்கா என்பார்கள். அவள் கேட்டாள்:

"பெட்டி எடுக்கப் போனியா?"

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"எனக்கும்தான்டி."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. "எனக்கும்" என்றாள் மூலையில் இருந்தவள். "நானும்தான்" என்று இன்னொரு குரல். மற்றவர்கள் எப்படியோ தப்பித்துவிட்டார்கள், மாட்டியது நான் ஒருத்திதான் என்று நினைத்து, இத்தனை வருஷம் ஒவ்வொருத்தியும் வாயைக் கட்டிக்கொண்டு லேபிள் ஒட்டியிருக்கிறாள்.

மறுநாள் எல்லோரும் சேர்ந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "ஆலைக்குள்ளயே பேசித் தீத்துக்கலாமே?" என்றார்.

"அதுக்குன்னே ஒருத்தரை வச்சிருக்காங்க சார்," என்றாள் அக்கா. "அவர் பேசித் தீத்துத்தான் நாங்க இத்தனை பேர் ஆயிட்டோம்."

ஜீப் வந்தது. ஃபோர்மேனை ஏற்றிக்கொண்டு போனது. சமாதானம் மூச்சிரைக்க ஓடிவந்து அக்காவிடம், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா!" என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. நடுவில் ஒருத்தியின் நிச்சயித்த கல்யாணம் நின்றது. இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். சாட்சிக்கூண்டில் சமாதானம், "லேபிள் அறை காத்தோட்டமான இடம், அதான் மாத்தினேன்" என்று கூசாமல் சொன்னார். நீதிபதியே சிரித்துவிட்டாராம். ஃபோர்மேன் ஜெயிலுக்குப் போனான். சமாதானத்துக்குத் தண்டனை எதுவும் இல்லை. ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார்.

இப்போது மாலையில் பூங்கா பெஞ்சில் நண்பர்களோடு உட்கார்ந்து, தான் சறுக்கிய இடத்தை விளக்குகிறார்.

"எல்லாரையும் ஒரே ரூம்ல போட்டதுதாங்க தப்பு. பிரிச்சுப் பிரிச்சுப் போட்டிருக்கணும்."

பக்கத்தில் இருக்கும் பெரிய மனிதர்கள் வருத்தத்தோடு தலையாட்டுகிறார்கள்.