முகத்தை இறக்கி வைக்க ஓர் இடம்

அந்த லேபுக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்டரம்மாவின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். "சிரிப்பக்கா இருக்காங்களா?" என்றுதான் வாசலிலேயே கேட்பார்கள். அக்கா லீவு என்று தெரிந்தால் "அப்ப நாளைக்கு வர்றேன்" என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. சர்க்கரை ஒரு நாளில் எங்கே ஓடிவிடப் போகிறது என்ற தைரியம்தான்.

அக்காவின் வித்தை ரொம்ப எளியது. கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, பஞ்சால் துடைத்து, ஊசியை எடுப்பதற்கும் குத்துவதற்கும் நடுவில் ஒரு வார்த்தை சொல்வாள். ஆள் சிரிக்கிற அந்தக் கணத்தில் ஊசி உள்ளே போயிருக்கும். மலைபோல ஒருவர் உட்கார்ந்து நடுங்கினால், "மீசை இவ்வளவு தைரியமா நிக்குது, நீங்க ஏன் சார் ஆடுறீங்க?" என்பாள். வயதான அம்மா ஒருத்தி, "இம்புட்டு ரத்தத்த எடுத்து என்னடி பண்ணுவே?" என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்கும்மா, என் ரத்தமே தினமும் கொதிச்சுக்கிட்டுக் கெடக்கு" என்றாள். அந்த அம்மா பொக்கை வாயைத் திறந்து சிரிப்பதற்குள் ட்யூப் நிறைந்துவிட்டது.

சொன்னது வேடிக்கைக்கு. விஷயம் என்னவோ உண்மை.

அவள் புருஷன் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். இரும்பைக் கடைந்து மயிரிழை பிசகாமல் கொடுப்பான் என்று பெயர். பட்டறையை இழுத்து மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் நாலு இடம் அலைந்தான். "உங்க வயசுக்கு..." என்று எல்லா இடத்திலும் ஒரே பாட்டு. பிறகு ஒரு நாள் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். அதற்குப் பிறகு சாப்பிடவும் பாத்ரூம் போகவும் தவிர எழுந்திருக்கவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று.

இவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே. தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று மூச்சை இழுத்து விட்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறப்பாள். "என்ன சார், சுவத்துல சினிமா ஓடுதா? நமக்கும் ஒரு டிக்கெட் போடுங்க" என்று ஆரம்பிப்பாள். முதுகிடமிருந்து பதில் வராது. கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தால், "அப்பாவுக்கென்ன, ஜம்முனு இருக்காரு" என்பாள். காலையில் பஸ்ஸில் சிரிப்பு, பகலில் லேபில் சிரிப்பு, ராத்திரி முதுகோடு சிரிப்பு. செக்கு மாட்டுக்குக்கூட நடுவில் அவிழ்த்து விடுவார்கள்.

அவளை அவிழ்த்துவிட ஒரே ஓர் இடம் இருந்தது. லேபிலிருந்து மொட்டைமாடிக்குப் போகிற படிக்கட்டு திரும்புகிற இடம். பழைய அட்டைப்பெட்டிகள், கைப்பிடி ஒடிந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அழுக்கேறிய ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் வெறும் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் தெரியும். பார்க்க ஒன்றுமில்லை, அவளையும் யாரும் பார்க்க மாட்டார்கள். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே போவாள். செருப்பைக் கழற்றுவதுபோல முகத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு உட்காருவாள். அழ மாட்டாள். கன்னம் தொங்கும், வாய் கோணும், பார்வை குழாயில் நிற்கும். உலகத்தில் எத்தனையோ அழகான இடம் இருக்கிறது. அவளுக்கு இதைவிட ஒன்று பிடித்ததில்லை. அந்த நேரம் கிடைத்தால்தான் மிச்சப் பொழுதைச் சிரித்துத் தள்ள முடியும் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

ரிசப்ஷனில் இருக்கும் பெண் ஒரு நாள் அவசரமாக அவளைத் தேடி மேலே வந்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். வந்த வழியே இறங்கிப் போனாள். போனவள் சும்மா இருந்திருக்கலாம். "அக்காவுக்கு உக்காந்து சாப்பிட ஒரு நல்ல இடம்கூட இல்ல டாக்டர். குப்பைக்கு நடுவுல தனியா, அநாதை மாதிரி உக்காந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். எல்லோருக்கும் மனசு கேட்கவில்லை. நல்ல ஜனங்கள், அதுதான் வம்பே. கெட்டவர்கள் என்றால் சண்டையாவது போடலாம்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவள் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனார்கள். டாக்டரம்மா முன்னால், பின்னால் மற்றவர்கள். அட்டைப்பெட்டிகளைக் காணோம். சுவரெல்லாம் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட். நீள பெஞ்சு, மேஜை, புது மின்விசிறி. ஜன்னலில் பூப்போட்ட திரை, குழாய் தெரியவில்லை. எதிர்ச் சுவரில் சட்டம் போட்டு அவளுடைய படமே, முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

"எங்களையெல்லாம் சந்தோஷமா வெச்சுக்கறது நீங்கதான். இது உங்க இடம்" என்றார் டாக்டரம்மா.

"இனிமே நீங்க தனியா சாப்பிட வேணாம்க்கா. நாங்க எல்லாரும் உங்ககூடத்தான்" என்றாள் ரிசப்ஷன் பெண். சொல்லும்போது அவள் கண்ணே கலங்கியது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று யாரிடம் போய்ச் சொல்வது? விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், படத்தில் இருப்பதுபோலவே சிரித்து வைத்தாள்.

அன்றிலிருந்து மத்தியானம் அங்கே சந்தை. டப்பாவைத் திறப்பதற்குள், "அக்கா, ஒண்ணு எடுத்து விடுங்க" என்பார்கள். அவளும் எடுத்து விட்டாள். வேறு இடம் தேடாமலில்லை. பாத்ரூமில் நின்று பார்த்தாள், யாராவது கதவைத் தட்டினார்கள். மொட்டைமாடிச் சாவி கட்டடக்காரரிடம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால், "என்னக்கா, இன்னைக்கு ஒரே சீரியஸ்?" என்று கண்டக்டர் தலைக்கு மேல் வந்து நின்றார். நல்ல பெயர் எடுப்பதும் ஒரு வினைதான்.

அந்த வாரக் கடைசியில் அது நடந்தது. வழக்கமாக வருகிற பென்ஷன்காரர். கையும் புதிதில்லை, நரம்பும் புதிதில்லை. அவள் வேடிக்கை சொன்னாள், அவர் சிரித்தார், ஊசி தவறிவிட்டது. மறுபடி குத்தினாள். மறுபடியும் தவறியது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி இரண்டு தரம் தவறியதில்லை. பெரியவருக்கு வலியில் கண்ணில் தண்ணீர்.

"மன்னிச்சுக்குங்க சார்."

"பரவால்லம்மா. நீ சிரிச்சுக்கிட்டே குத்து, நான் தாங்கிக்கறேன்" என்றார் அவர்.

அவள் கூட வேலை பார்க்கிற பையனிடம் ஊசியைக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

வீட்டு வாசலில் அன்று அவள் நிற்கவில்லை. கதவைத் தள்ளி உள்ளே போய், தோளில் மாட்டிய பையோடு கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டில் முனகியது. அவன் திரும்பியிருந்தான்.

"யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல."

"பின்ன?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், உள்ளதைச் சொல்லிவிட்டாள். படிக்கட்டு, நாற்காலி, குழாய், எல்லாவற்றையும். மஞ்சள் பெயின்ட்டுக்கு வந்தபோது அவன் உதடு அசைந்தது. படத்துக்கு வந்தபோது சிரித்தே விட்டான்.

"உன் படமா? அதுக்கு எதுத்தாப்புல உக்காந்து நீ சாப்பிடணுமா?"

"சிரிக்காதீங்க." அவள் குரல் கிழிந்தது. "இத்தன மாசமா உங்க முன்னால நான் ஆடாத ஆட்டமில்ல. அப்பல்லாம் முதுகக் காட்டிக்கிட்டுப் படுத்துட்டு, இப்ப நான் வயிறெரிஞ்சு சொல்றப்ப சிரிப்பு வருதா?"

அவன் சிரிப்பு நின்றது.

"அப்பல்லாம் பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்?"

"நீ சிரிச்சா அடுத்தது ஊசின்னு எனக்குத் தெரியாதா? இன்னைக்கு வேலைக்குப் போகச் சொல்லிடுவா, ஏன் போகலைன்னு இன்னைக்குக் கேட்டுடுவான்னு தினமும் உடம்ப இறுக்கிக்கிட்டுப் படுத்திருப்பேன். நீ குத்தவும் இல்ல, சிரிக்கறத விடவும் இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. இல்லை என்று அடித்துப் பேச முடியவில்லை. பல நாள் அந்தக் கேள்வி அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. நோயாளியிடம் சிரிப்பதுபோலத்தான் இவனிடமும் சிரித்திருக்கிறாள், இவனும் நோயாளியைப் போலவே காத்துக் கிடந்திருக்கிறான்.

"இப்பக் கேக்கப் போறியா?" என்றான்.

"இல்ல. எனக்கு முடியல" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை.

"எனக்குந்தான்" என்றான் அவன்.

அவன் எழுந்து காலைத் தொங்கப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். அவள் தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். தொங்கிப்போன முகத்தை அவளும் சரிசெய்யவில்லை, சரிசெய்யச் சொல்லி அவனும் கேட்கவில்லை.