எலும்புக்கரி நீலம்

தேர்தல் தேதி அறிவித்தால் கட்சிக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம் என்று நினைப்போம். மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் வேலை பார்க்கும் செல்வக்குமார் அவர்களைவிட ஆவலாகக் காத்திருப்பார். யார் ஜெயிப்பார் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டும். தன் கைவேலையை அவர் மறுபடி பார்ப்பது அப்போது மட்டும்தான்.

அவர் வேலை இரும்புக்கு நிறம் ஏற்றுவது. ரிவால்வரின் உடல்பாகத்தைத் தனியே கழற்றி, எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் புதைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, உலையில் மணிக்கணக்கில் பழுக்க வைப்பார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஒரே கவிழ்ப்பு. மேல்தோல் கல்லாக இறுகும்; கூடவே நீலமும் ஊதாவும் வைக்கோல் நிறமும் திட்டுத்திட்டாகப் படரும். ஒன்றுபோல் இன்னொன்று வராது. அவரே நினைத்தாலும் வராது.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. வில்லாபுரத்தில் ஒரு மாடி அறை, மெஸ்ஸில் சாப்பாடு. கடை விவகாரத்தை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. டீக்கடையில் யாராவது கேட்டால், "பட்டறை வேலைண்ணே" என்பதோடு சரி. முப்பது வருஷம் இப்படி வாயை மூடியே கிடந்தால் மனுஷன் என்னத்துக்கு ஆவான்?

அவர் நிறம் ஏற்றியதிலேயே அவருக்கு உயிர், திருமங்கலம் சாம்பசிவத்தின் ரிவால்வர். ரைஸ் மில் வைத்திருந்த அப்பா காலத்துப் பொருள். அதன் இடப்பக்கத்தில் விழுந்த நீலம் வேறு எதிலும் விழவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு அதை ஒப்படைக்க வந்த சாம்பசிவம், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது எப்படி வர்றது?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், செல்வக்குமாரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கறிக்கடையில் எலும்பு வாங்குவது, காயவைப்பது, காற்றுப் புகாமல் கரியாக்குவது என்று ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தார். சாம்பசிவமும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார். அன்று செல்வக்குமாருக்கு அப்படியொரு சந்தோஷம். மெஸ்ஸுக்குக்கூடப் போகாமல் படுத்துத் தூங்கினார்.

மூன்று வருஷம் கழித்து நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. சாம்பசிவம் பையைத் திறந்து ரிவால்வரை மேஜைமேல் வைத்தார். துலக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர் மாதிரி அது வெள்ளையாக மின்னியது. நிறம் துளிகூட இல்லை.

"என்ன சார் இது?"

"ஆயுத பூஜைக்கு எடுத்து வெச்சோம். எலும்புக்கரியில பண்ணினதுன்னு ஆத்துல சொல்லிட்டேன். எலும்புன்னா தீட்டு, பூஜையில வைக்கற சாமானாச்சேன்னு என் ஆத்துக்காரி அனந்தலக்ஷ்மி புளி போட்டுத் தேய்ச்சுட்டா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்?"

புளி பித்தளைக்குத்தான் பளபளப்பு; இந்த நிறத்துக்கு எமன். செல்வக்குமார் இடப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். அந்த அம்மாள்மீது கோபமே வரவில்லை. கோபமெல்லாம் தன் வாய்மீதுதான். அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் நீலம் நீலமாகவே இருந்திருக்கும்.

"மறுபடி ஏத்திடலாமோல்லியோ?"

"வேணாம் சார். பழைய இரும்பு. திரும்ப உலையில வச்சா கோணிக்கிரும், விரிசல்கூட விடும். அப்படியே நல்லா வந்தாலும் அந்த நீலம் வராது."

குனிந்து ரசீது எழுதினார். சாம்பசிவத்துக்குத் தர்மசங்கடமாகிவிட்டது.

"மனசுல வெச்சுக்காதீங்கோ. நான்தான் வாயை வெச்சுண்டு சும்மா இல்லாம வீட்டுல சொன்னேன். நீங்களும் இதை எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேள்! யாரால அடக்கி வைக்க முடியும்?"

செல்வக்குமார் ரசீதைக் கிழித்து நீட்டினார்.

"இல்ல சார். ஒங்க ஒருத்தர்ட்டதான் சொன்னேன்."