எல்லப்பனுக்கு முன்கூட்டியே வந்த பேனர்

மோசஸ் கறார் பேர்வழி. மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் இருந்தபோது சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்லிவிட்டு வேலையை விட்டவர். இப்போது செங்கல்பட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்காக, இனிப் பிழைக்க வழியில்லாதவர்களின் வீடு தேடிப் போய் உடம்பு துடைத்து, புண் கட்டி, மருந்து கொடுத்துவிட்டு வருகிறார். அப்பேர்ப்பட்ட ஆளை, பூஞ்சேரி எல்லப்பன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பொய் பேச வைத்துவிட்டார்கள்.

எல்லப்பன் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். வயிற்றில் கேன்சர், முற்றிப் போச்சு. அவரிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தார்கள். "உண்மை தெரிஞ்சா அப்பவே உசுர வுட்டுருவாரு தம்பி" என்று அவர் சம்சாரம் ஜெகதாம்பாள் முதல் நாளே வாசலில் நிறுத்தி மோசஸிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வினையே அங்கேதான். டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மருந்தைக் குடித்தால் தூக்கம் வரும். "தூங்கி வழிஞ்சிகினு எவன் வண்டி ஓட்டுவான்? அடுத்த மாசம் ஸ்டாண்டுக்குப் போவணும்" என்று எல்லப்பன் தொடவே மாட்டார். வலி கிளம்பினால் தலையணையைக் கவ்விக்கொண்டு கத்துவார். மோசஸ் பாட்டிலும் கையுமாகப் பக்கத்தில் நிற்பார். உண்மையைச் சொன்னால் மனுஷன் குடித்துவிடுவார். சொல்லத்தான் முடியாதே.

ஜெகதாம்பாளின் அண்ணன் மகன் ஜெயக்குமார் ரொம்ப முன்யோசனைக்காரன். பொங்கலுக்கு பிளெக்ஸ் கடையை மூடிவிடுவார்களே என்று மாமனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனரை இப்போதே அடிக்கச் சொல்லிவிட்டான். அடித்ததை வாங்க மட்டும் போகவில்லை. கடைக்காரர் பாவம், சாவு வீடாயிற்றே, அலைச்சலில் இருப்பார்கள் என்று தானே வண்டியில் ஏற்றி வந்து, வாசலில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

கதவுக்கு நேராகத்தான் கட்டில். எல்லப்பன் மேலிருந்து கீழ்வரை படித்தார்.

ஜெகதாம்பாள் வாயிலேயே அடித்துக்கொண்டாள். மோசஸ் பேனரைத் திருப்பி வைக்க எழுந்தார்.

"மோசஸு, இன்னா இது? எனக்கு அல்சருதானே?"

சத்தியமாவது ஒண்ணாவது. "இல்ல அண்ணாத்த. கேன்சரு. இனிமே கொணமாவாது."

எல்லப்பன் ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது.

"அப்போ வண்டி ஓட்ட வேணாம்?"

"வேணாம்ணே."

"அந்தக் கருமத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? மருந்த எட்றா."

குடித்துவிட்டு மறுபடி பேனரைப் பார்த்தார். "ஏன்டி, உங்க அண்ணன் பையன் மூஞ்சி என்னோடத வுடப் பெருசா கீதே. செத்தது நானா, அவனா?"

அழுதுகொண்டிருந்த ஜெகதாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். "எங்கிட்ட கோவமாய்யா?"

"உன் மேல இன்னாடி கோவம்? இனிமே மூலையில போயி அழுவாத. இங்கயே ஒக்காந்து அழு."

கொஞ்ச நேரத்தில், வலியில் மடக்கியே வைத்திருந்த காலை நீட்டினார். கண் சொருகியது.

"தம்பி, மூச்சு வருதா பாரு!"

"கொறட்டையே வருதும்மா. கேக்கலியா?"

அவள் குனிந்து கேட்டாள். அப்புறம் கட்டிலுக்குக் கீழே வெறுந்தரையில் கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள். படுத்ததுதான் தெரியும்.

பேனர் வீட்டுக்கே போன சேதி தெரிந்து ஜெயக்குமார் பைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "அத்தே! மாமாவுக்கு இன்னா..."

மோசஸ் வாசலிலேயே அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"கத்தாதடா. ரெண்டு பேரும் தூங்குறாங்க."